கீர்த்தனைத் தலைப்பில் ராகப் பெயரைப் போட்டது யார்? (மிஷனரி ஐயர்களும் நம்ம பாட்டுக்காரர்களும்)

#1 சாத்தூர்க்காரி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக வாசிப்பதோடு சரி, இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை. தப்பான பிரிவில் போட்டிருந்தால் நெறியாளர் மாற்றிவிடவும்.

போன மாதம் ஆச்சி வீட்டைக் காலி பண்ணினோம். டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் ஒரு பழைய கிறிஸ்தவக் கீர்த்தனைப் புத்தகம் கிடந்தது. அட்டை இல்லை, முன்பக்கங்களும் போய்விட்டன, அதனால் எந்த வருஷத்துப் பதிப்பு என்று தெரியவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ராகமும் தாளமும் அச்சடித்திருக்கிறது. செஞ்சுருட்டி – ஆதி, ஆனந்தபைரவி – ரூபகம் என்று. கீழே பல்லவி, அனுபல்லவி, சரணங்கள். ஏழெட்டுப் பாட்டுக்கு மட்டும் ஓரத்தில் பென்சிலில் 5½ என்று எழுதியிருக்கிறது. ஒரு இடத்தில் "5½ – க. மட்டும்". காணிக்கைக் கணக்காக இருக்கும் என்று அம்மா சொன்னார்கள். ஐந்தரை ரூபாய் காணிக்கை போடுகிற ஆள் இல்லை ஆச்சி, அது வேறு விஷயம்.

லெந்து நாட்களில் (தவக்காலம்) ஒரு ஞாயிறு, அந்த ஆனந்தபைரவிப் பாட்டை என் அரைகுறை கர்நாடகத்தை வைத்து சபையில் பாடினேன். கீபோர்டு தம்பி ஒரு மைனர் கார்டைப் பிடித்தவன் விடவே இல்லை. நான் இழுத்து நிற்கிற இடத்தில் அவன் அடுத்த கார்டுக்குப் போய்விடுகிறான். மூன்றாம் சரணம் வரும்போது நான் ஒரு பக்கம், சபை ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம். ஆயர் சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் வீட்டுக்காரரின் சித்தப்பா சொன்னார்: "இந்த ராகம் தாளமெல்லாம் வெள்ளைக்காரன் நம்ம சனத்தை இழுக்கப் போட்ட தூண்டில்மா." அப்படித்தானா? ராகப் பெயரைப் போட்டது வெள்ளைக்கார மிஷனரியா, நம்ம ஆட்களா?

#2 கார்டு_மாஸ்டர்

கீபோர்டு தம்பிக்காக ஒரு வார்த்தை. ராகம் இன்னது, எந்தக் கட்டை என்று முந்தின நாளே சொல்லி ஒரு தடவை ஒத்திகை பார்த்திருந்தால் பையன் சுருதியை மட்டும் பிடித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பான். எங்களைக் கேட்காமல் மேடையேறிவிட்டு எங்கள் மேல் பழி :)

#3 சுருதிப்பெட்டி

தங்கச்சி, உங்கள் சித்தப்பா பாதி சரி. அந்தப் பாதியும் தலைகீழாக இருக்கிறது. நான் தஞ்சாவூர்க்காரன், பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், கிறிஸ்தவனும் இல்லை. இந்தக் கதை எங்கள் ஊர்க் கதை என்பதால் எழுதுகிறேன்.

தொடக்கத்தில் தமிழ்ப் புராட்டஸ்டண்டுகள் பாடியது ஜெர்மன் மெட்டு. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு காலத்திலிருந்து ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கி அதே மெட்டில் பாடினார்கள். பிற்பாடு வேப்பேரியில் இருந்த பப்ரிசியஸ் அந்த மொழிபெயர்ப்பில் பெரிய கை. சொல் தமிழ், நடை ஜெர்மன். குறில் வரவேண்டிய இடத்தில் நெடிலாக நீட்டவேண்டி வரும். பாமாலை (அந்த மேல்நாட்டு மெட்டுப் பாட்டுகள்) பாடுகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அடுத்து வேதநாயக சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். பன்னிரண்டு வயது வாக்கில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு அழைத்து வந்தார். பின்னாளில் மன்னராகப் போகிற சரபோஜியும் அதே சுவார்ட்ஸிடம் படித்த பையன். ஒருவர் மன்னர், ஒருவர் கவிராயர், இரண்டு பேருக்கும் வாத்தியார் ஒரு பிரஷ்யக்காரர். அந்தத் தஞ்சாவூரை நினைத்துப் பாருங்கள்: அரண்மனையில் மராத்திக் கீர்த்தனமும் சதிராட்டமும் இங்கிலீஷ் பேண்டும் பக்கத்துப் பக்கத்துக் கூடங்களில்.

அங்கே உட்கார்ந்துதான் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். கோயில்களில் ஆடிக்கொண்டிருந்த குறவஞ்சி நாடகத்தை அப்படியே எடுத்துக்கொண்டார். தலைவி பெயர் தேவமோகினி, தலைவன் பெத்லகேம் நாதர், குறி சொல்ல வருகிற சிங்கி விசுவாசம். நடுவில் கோப்பர்நிக்கஸ் வானசாஸ்திரமும் வருகிறது, அது சுவார்ட்ஸ் பள்ளிக்கூடத்து வாசனை. இவ்வளவும் ராகம் தாளத்தோடு. எந்த மிஷனரியும் "ராகத்தில் எழுது" என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லவும் தெரியாது.

#4 பிரப்ரோடு

// வேதநாயக சாஸ்திரியார் //

சர்வ சமய சமரசக் கீர்த்தனை எழுதினவர்தானே? முன்சீப்பாக இருந்தாரே?

#5 சுருதிப்பெட்டி

அவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. கத்தோலிக்கர், 1826இல் பிறந்தவர், பிரதாப முதலியார் சரித்திரக்காரர். இவர் சாஸ்திரியார், புராட்டஸ்டண்டு, 1864இல் தொண்ணூறு வயதை நெருங்கிச் செத்தார். இரண்டு பேரும் பாட்டு எழுதினார்கள், பெயரும் ஒன்று. மேடையில் பேசுகிறவர்களே மாற்றிச் சொல்கிறார்கள், நீங்கள் கேட்டதில் தப்பில்லை.

#6 மாலைநேரம்

இந்த இழையில் எல்லாரும் "சுவார்ட்ஸ் ஐயர்" என்கிறீர்களே, அவர் பிராமணராக மாறிவிட்டாரா என்ன?

#7 சாத்தூர்க்காரி

:) எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். கறுப்போ வெள்ளையோ. ஐயரின் வீட்டுக்காரி ஐயரம்மா.

#8 அரசரடி

சுருதிப்பெட்டி ஐயா, கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 1820களில் தஞ்சைக்கு வந்த புது மிஷனரிகளுக்கும் சாஸ்திரியாருக்கும் நடந்த சண்டையைச் சொல்லுங்கள். சாஸ்திரியார் தரப்பு அவர்கள் மேல் நான்கு புகார் வைத்தது. பழைய வேத மொழிபெயர்ப்பைத் திருத்தியது, திருநாள்களில் பூ அலங்காரம் கூடாது என்றது, ஆராதனையில் தமிழ்ப் பாட்டைத் தடுத்தது, கோயிலில் சாதிவாரியாக உட்காரும் வழக்கத்தை ஒழித்தது. நாலாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இசைக்காக நின்ற அதே ஆள்தான், பறையர்கள் வேளாளரோடு ஒரே பாயில் உட்காரக் கூடாது என்பதற்காகவும் எழுதினார். பாட்டும் பந்தியும் அவருக்கு ஒரே வழக்குதான்.

#9 சுருதிப்பெட்டி

சொல்லாமல் விட்டது என் தப்பு. நீங்கள் சொன்ன நாலும் உண்மை. சபையோடு முட்டிக்கொண்டபோது அவரைத் தாங்கியது சரபோஜியின் அரண்மனைதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் காலவரிசையைக் கவனியுங்கள். வெள்ளைக்காரர் வந்தார், நம்ம இசையை ஏற்றுக்கொண்டார் என்றுதான் எல்லாரும் எழுதுகிறோம். இங்கே நடந்தது வேறு. பாட்டுக்காரர் கையில் பாட்டு ஏற்கெனவே இருந்தது. புதிதாக வந்த மிஷனரி அதை ஆராதனையிலிருந்து எடுத்தார். முப்பது வருஷம் கழித்து வேறொரு மிஷனரி வந்து அதே கிழவரிடம் அதையே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவர்தான் எட்வர்ட் வெப், அமெரிக்க மதுரை மிஷன்காரர். 1853இல் அவர் தொகுத்த புத்தகம்தான் உங்கள் ஆச்சி வைத்திருந்த கீர்த்தனைப் புத்தகத்துக்கு மூதாதை. அதில் சாஸ்திரியார் பாட்டுகள் ஏராளம். ராகம், தாளம், பல்லவி என்ற அடுக்கு பாட்டோடு பிறந்தது, வெப் அதை அச்சுக்குக் கொண்டுபோனார். சித்தப்பாவிடம் சொல்லுங்கள், தூண்டில் இந்த ஊர்க்காரர் செய்தது.

#10 வலிகாமம்

வெப் ஐயரின்ர மதுரை மிஷன் எங்கட யாழ்ப்பாணத்தின்ர பிள்ளை, அதையும் ஒருக்கா எழுதுங்கோ. அமெரிக்க மிஷன் இஞ்ச 1816இல வந்தது, 1823இல வட்டுக்கோட்டை செமினரி, 1834இல இஞ்சயிருந்து போய்த்தான் மதுரையில தொடங்கினவை. அந்தக் கீர்த்தனையள் பிறகு கடல் தாண்டித் திரும்பி எங்களிட்ட வந்தது. எங்கட அம்மம்மா படிக்கேக்க அது தஞ்சாவூர்ப் பாட்டு எண்டு அவவுக்குத் தெரியாது, எங்கட பாட்டு எண்டுதான் நினைச்சவ.

சாத்தூர் அக்கா, அந்தப் பென்சில் எழுத்தை ஒரு படம் எடுத்துப் போடுங்கோ.

#11 மாலைநேரம்

நம்ம சங்கீதத்துக்கு மிஷனரி பண்ணின உபகாரம் என்றால் வயலின்தானே. தஞ்சை நால்வர் என்ற நாட்டிய ஆசிரியச் சகோதரர்களில் வடிவேலு, சுவார்ட்ஸ் பாதிரியாரிடம்தான் வயலின் கற்றார் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

#12 சுருதிப்பெட்டி

எங்கும் படிக்கலாம், அவ்வளவு பரவியிருக்கிறது. சுவார்ட்ஸ் செத்தது 1798. வடிவேலு பிறந்தது 1810. கல்லறையிலிருந்து எழுந்து வந்து வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தால்தான் உண்டு. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் வடிவேலுவுக்குத் தந்த வயலின் நிஜம், சுவார்ட்ஸ் பாடம் கதை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி, மணலி முதலியார் ஆதரவில் ஒரு ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் கற்றார் என்பதுதான் நம்ம பக்கத்து வயலினின் பழைய வழி. பேண்டு வாசிக்கிறவனுக்குச் சேரவேண்டிய பெயரைப் பாதிரிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

#13 பிரப்ரோடு

இரண்டு நாளாக ஒரு விஷயம் சொல்லலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நமக்கு ஊர் ஈரோடுங்க. பிரப் ரோடு எல்லாருக்கும் தெரியும், ஆட்டோக்காரர் "எங்க சார், பிரப் ரோடா" என்று கேட்பார். பிரப் லண்டன் மிஷன்காரர். அதே மிஷனில் அதே ஊரில் இருந்த இன்னொருவர் பாப்ளி. அவர் பேரில் எனக்குத் தெரிந்து ஒரு சந்துகூட இல்லை.

#14 மாலைநேரம்

போப் ஐயரைச் சொல்கிறீர்களா? திருக்குறள் மொழிபெயர்த்தவர்?

#15 பிரப்ரோடு

இதற்காகத்தான் எழுதத் தயங்கினேன்! ஜி.யு.போப் வேறு, 1886இல் குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர். இவர் எச்.ஏ.பாப்ளி, ஹெர்பர்ட் ஆர்தர் பாப்ளி. கொடுமை என்னவென்றால் இவரும் குறளை மொழிபெயர்த்தார், தெரிந்தெடுத்த குறள்கள், 1931இல். போப் நிழலில் பாப்ளி காணாமல் போனார்.

ஆனால் இந்த இழைக்கு வேண்டியவர் பாப்ளிதானுங்க. 1921இல் இந்திய இசையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். சுருதி, ராகம், தாளம், வாத்தியங்கள், சரித்திரம் எல்லாம் அதில் இருக்கிறது. இன்றைக்கும் மறுபதிப்பு விற்கிறது. படித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். தூரத்திலிருந்து "விசித்திரமான கீழ்நாட்டு இசை" என்று எழுதுகிற ஆள் இல்லை. பாடத் தெரிந்தவன் எழுதின எழுத்து.

அவர் ஊர் ஊராகக் கதாகாலட்சேபம் செய்த பாதிரி. பக்கவாத்தியங்களோடு நின்று இயேசுவின் கதையை வசனமும் கீர்த்தனையுமாகச் சொல்வது. வெப் பாட்டைத் தொகுத்தார், பாப்ளி பாடினார். நான் வித்தியாசம் என்று நினைப்பது அதைத்தான்.

#16 அரசரடி

பாடினார், சரி. ஒரு சந்தேகம். காலட்சேபம் யாருடைய கலை? ராமாயணமும் பக்த விஜயமும் சொல்லும் பாகவதர்களுடையது. லண்டன் மிஷன் சபைகளுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் யார்? அவர்கள் வீட்டில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் என்ன வாசித்தார்கள்? பறை, கும்மி, ஒப்பாரி, தெம்மாங்கு. "உள்ளூர் இசைக் கலைஞரோடு பழகினார்" என்கிறோம். எந்தத் தெருக் கலைஞரோடு?

பழி போடவில்லை. பாப்ளியின் புத்தகம் நானும் படித்தேன், உழைப்பு தெரிகிறது. ஆனால் மிஷனரி கற்றுக்கொள்ளப் போகும்போது, எது பெரிய சங்கீதம் என்று பெரிய வீட்டுக்காரர்கள் சொல்கிறார்களோ அந்த வாசலில்தான் போய் நின்றார். பறைக்கொட்டு சேரியிலேயே இருந்தது. சபைக்குள் வந்தபிறகும் அது அசிங்கம் என்று நம்மவர்களே ஒளித்து வைத்தார்கள். "அடிமைத்தனத்தின் வாத்தியம்" என்று சொல்லித் தூக்கிப்போட்ட சபைகளும் உண்டு. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் சிக்கல், சாவுக்கு அடிக்கச் சொல்லி அடித்துத் துரத்தப்பட்டவனுக்கு அந்தத் தோலின் மேல் பாசம் எப்படி வரும்?

எங்கள் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன், இதைத்தான் வகுப்பில் போட்டு உடைத்தார். கீர்த்தனையைப் பாட ஒருவன் பாட்டு வாத்தியாரிடம் போகவேண்டும். நாட்டுப்பாட்டைப் பாட அவன் அம்மாவிடம் போனால் போதும். சனங்கள் தாங்களே மாற்றிப் பாடிக்கொள்ளலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். இதைச் சொன்னதோடு நிற்கவில்லை, ஒரு வழிபாட்டு முறையையே கிராமிய இசையில் கட்டினார். 2005இல் போய்விட்டார்.

#17 நெறியாளர்

இதற்கு அடுத்து வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. சாதியைப் பற்றிப் பேசலாம், சாதியைச் சொல்லித் திட்டக் கூடாது. இழை நன்றாகப் போகிறது, கெடுக்க வேண்டாம்.

#18 ஹாலே_மாணவி

நான் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் படிக்கிறேன். தரங்கம்பாடிக்கு ஆள் அனுப்பிய பிராங்கே நிறுவனங்கள் இங்கேதான், தமிழ் ஓலைச்சுவடிகள் இன்னும் வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை காட்டினார்கள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நம்ம எழுத்தைப் பார்த்ததும் தொண்டை அடைத்துவிட்டது.

அரசரடி அண்ணா சொன்னதற்குப் பக்கத்தில் ஒரு விஷயம். இங்கே மிஷனரிகளின் கடிதங்களைப் பாடமாகப் படிக்கிறோம். நான் படித்த அளவில் "ஒரு உள்ளூர்ப் பாடகர்", "ஒரு வயதான உபதேசி" (உள்ளூர்ச் சபை ஊழியர்) என்று வரும், பெயர் வராது. பெயர் வருவதற்கு ஒன்று அரண்மனைச் செல்வாக்கு வேண்டும், சாஸ்திரியாருக்கு இருந்தது. இல்லை, அவரே புத்தகம் போடவேண்டும்.

#19 பிரப்ரோடு

// பெயர் வராது //

இதற்கு ஒரு விதிவிலக்கு. 1914இல் சென்னையில் இசைவழி ஊழியத்துக்கு ஒரு கைநூல் அச்சானது. ஆசிரியர்கள் இரண்டு பேர், ஸ்டீபன், பாப்ளி. தமிழர் பெயர் முதலில், வெள்ளைக்காரர் பெயர் இரண்டாவதாக. அந்தக் காலத்து மிஷன் புத்தகங்களைப் புரட்டினவர்களுக்கு அது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும். வழக்கமாக முன்னுரையின் கடைசி வரியில் "உதவிய என் முன்ஷிக்கு (தமிழ் சொல்லிக்கொடுத்தவர்) நன்றி" என்பதோடு சரி.

#20 சுருதிப்பெட்டி

அரசரடி கேட்ட கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஒரு சின்னத் திருத்தம் மட்டும். பாப்ளி கையில் எடுத்தபோது தமிழ்க் காலட்சேபம் அவ்வளவு புராதனமும் இல்லை. மராத்திக் கீர்த்தனக்காரர்களைப் பார்த்துத் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் அதற்கு இப்போதைய உருவம் கொடுத்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். மகாராஷ்டிரத்திலிருந்து வந்த கலையை ஒரு தலைமுறைக்குள் நாம் நம்முடையது என்று நினைத்தோம். அடுத்த தலைமுறையில் ஒரு இங்கிலீஷ்காரர் எடுத்துக்கொண்டார். சாஸ்திரியார் வம்சத்தார் இன்றுவரை காலட்சேபம் செய்கிறார்கள், நானே இரண்டு முறை கேட்டிருக்கிறேன்.

மிஷனரி எந்த வாசலில் போய் நின்றார் என்பதற்கு இன்னொரு சாட்சி தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். இவர் மிஷனரி இல்லை, சாம்பவர் வடகரைக்காரர், சித்த வைத்தியர், கிறிஸ்தவர். திண்டுக்கல்லில் வாத்தியார் பயிற்சிக்குப் போன இடத்தில் சடையாண்டி பத்தர் என்பவரிடம் சங்கீதம் கற்றார். பயிற்சி மிஷன் தந்தது, சங்கீதம் பத்தர் தந்தது. பிறகு மருந்து விற்ற காசில் சொந்தச் செலவில் தஞ்சாவூரில் 1912 முதல் ஏழு சங்கீத மாநாடு கூட்டினார். 1917இல் கருணாமிர்த சாகரம், ஆயிரம் பக்கத்துக்கு மேல், தன் சொந்த அச்சகத்தில். ஒரு ஸ்தாயிக்கு (கீழ் ச முதல் மேல் ச வரை) 22 சுருதி என்று வடமொழி நூல்கள் சொல்ல, 24 என்று சிலப்பதிகாரத்தை வைத்து வாதாடினார். 1916இல் பரோடாவில் நடந்த முதல் அகில இந்திய சங்கீத மாநாட்டுக்கு மகள்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாடிக் காட்டச் சொன்னார். பாப்ளியும் அந்த மாநாட்டுக்குப் போயிருந்தார். யோசித்துப் பாருங்கள், மேடையில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ வைத்தியர் சுருதிக்கணக்குப் போடுகிறார், எதிரே ஈரோட்டுப் பாதிரி உட்கார்ந்து கேட்கிறார். யார் வாத்தியார், யார் மாணவன்?

24 சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். அதற்குத் தனி இழை வேண்டும், சண்டைக்குத் தனி நெறியாளரும் வேண்டும்.

#21 கார்டு_மாஸ்டர்

சுருதிக் கணக்கு வந்துவிட்டதால் கேட்கிறேன். சாத்தூர் அக்காவுக்கு மேடையில் நடந்தது ஏன்? ஆனந்தபைரவியில் சின்ன காந்தாரம்தானே (தாழ்ந்த க), மைனர் கார்டு பொருந்தவேண்டுமே?

#22 சுருதிப்பெட்டி

காந்தாரம் சின்னதுதான், அதனால்தான் தம்பிக்கு மைனர் என்று தோன்றியது. ஆனால் அந்த ராகம் நேராக ஏறாது. ச க ரி க ம ப த ப ச. சட்ஜமத்திலிருந்து காந்தாரத்துக்குத் தாவி, ஒரு படி இறங்கி ரிஷபத்தைத் தொட்டு, மறுபடி காந்தாரம். பஞ்சமத்துக்கு மேலே தைவதம் போய்த் திரும்பிப் பஞ்சமத்துக்கே வந்துதான் மேல் சட்ஜமம். நிற்கிற இடத்தில் ஸ்வரம் ஆடும். கார்டு என்பது மூன்று ஸ்வரத்தை ஆணி அடித்து வைப்பது. அக்கா மாடிப்படியில் ஏறி இறங்கி விளையாட, தம்பி லிஃப்டில் போயிருக்கிறான்.

பழி தம்பிக்கு மட்டும் இல்லை. மிஷன் பள்ளி, பஜனைக் கூடம், நாடகக் கொட்டகை மூன்றிலும் ஹார்மோனியம் புகுந்த காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. கட்டையை அழுத்தினால் ஒரே குரல், வளைக்க முடியாது. 1940இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தையே தடை செய்தது, அவ்வளவு கோபம். ராகப் பெயர் மட்டும் கீர்த்தனைத் தலைப்பில் நின்றுவிட்டது.

#23 சாத்தூர்க்காரி

எல்லாருக்கும் நன்றி. படம் எடுக்க வெளிச்சம் போதவில்லை, தட்டச்சு செய்கிறேன். பென்சில் எழுத்து இருக்கும் பாட்டுகளில்:

ஆனந்தபைரவி: 5½
செஞ்சுருட்டி: 5½ – க. மட்டும்
சஹானா: 5 (அடித்து) 5½
மங்களம்: 5½, பக்கத்தில் சின்னதாக "அண். 1"

மற்றதெல்லாம் வெறும் 5½. "அண். 1" என்றால் அண்ணன் ஒரு ரூபாயா?

#24 கார்டு_மாஸ்டர்

ஐயோ அக்கா. காணிக்கை இல்லை, கட்டை! முதல் பதிவிலேயே எனக்கு ஓடியிருக்கவேண்டும், கட்டை என்று நானே வேறு எழுதியிருக்கிறேன்.

#25 சுருதிப்பெட்டி

அதேதான். சுருதி. ஹார்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகள் முழு எண், கறுப்புக் கட்டைகள் அரை. ஒரு கட்டை என்றால் முதல் வெள்ளை, ஆண்கள் வழக்கமாகப் பாடுவது ஒன்று, ஒன்றரை. பெண்கள் ஐந்து, ஐந்தரை. உங்கள் ஆச்சி ஐந்தரைக் கட்டையில் பாடியிருக்கிறார். சஹானாவை முதலில் ஐந்தில் பாடிப் பார்த்து மேலே ஏற்றியிருக்கிறார், நல்ல சாரீரம். "அண்." அவருடைய அண்ணனாக இருந்தால் அவருக்கு ஒரு கட்டை. கடைசி மங்களத்தை அண்ணனும் பாடினார் போலிருக்கிறது, அதற்குச் சுருதியை மாற்றவேண்டும், அதனால்தான் குறிப்பு. சும்மா சபையில் உட்கார்ந்து பாடுகிறவர் இப்படி எழுதமாட்டார். தங்கச்சி, உங்கள் ஆச்சி மேடையில் பாடினவர்.

#26 மாலைநேரம்

அப்போ 3½ கட்டை ஆட்கள் யார்?

#27 கார்டு_மாஸ்டர்

மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பே கிடையாது சார். மூன்றரைக் கட்டையில் பாடுகிறேன் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பாடத் தெரியாது என்று அர்த்தம்.

#28 வலிகாமம்

அக்கா, உங்கட அம்மாவிட்ட கேளுங்கோ. அம்மாவுக்குத் தெரியாட்டி மூத்த ஆக்கள் ஆரும் இருந்தா கேளுங்கோ. "க. மட்டும்" எண்டதைத்தான் எனக்கு அறியவேணும்.

#29 சாத்தூர்க்காரி

நேற்று ராத்திரி பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். எண்பத்திரண்டு வயது, காது மந்தம், ஞாபகம் கத்தி மாதிரி. "ஆச்சி மேடையில பாடினாங்களா பெரியம்மா" என்றதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

ஆச்சியின் அண்ணன் உபதேசியார் என்பது எனக்குத் தெரியும். அவர் காலட்சேபம் பண்ணுவார் என்பது தெரியாது. அறுவடை முடிந்த மாதங்களில் ராத்திரி கிராமம் கிராமமாகப் போவார்களாம், வண்டி கட்டிக்கொண்டு. அண்ணன் நின்று கதை சொல்ல, ஆச்சி பின்னால் பாயில் உட்கார்ந்து பின்பாட்டு. கல்யாணத்துக்கு முந்தி ஆறேழு வருஷம். வயலின்காரர் பக்கத்து ஊர் இந்துக்காரர், நெற்றியில் விபூதியோடு உட்கார்ந்து வாசிப்பார், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்களாம். மிருதங்கக்காரர் மழை பெய்தால் வரமாட்டார், அன்றைக்குக் கஞ்சிரா மட்டும். அதுதான் "க. மட்டும்". கஞ்சிரா வாசித்தது யார் என்று கேட்டேன். "வேற யாரு, அவதான்" என்றார்கள்.

கல்யாணமானதும் தாத்தா வீட்டில் மேடை ஆகாது என்று சொல்லிவிட்டார்களாம். புத்தகம் மட்டும் சேலைக்கு அடியில் போயிருக்கிறது.

அரசரடி அண்ணன் கேட்டதையும் கேட்டேன். பறை உண்டா என்று. பெரியம்மா சொன்னது அப்படியே: "ஊருக்குள்ள நாங்க வந்திருக்கோம்னு தெரியணும்ல, சாயங்காலம் தெருவுல பறையடிச்சுச் சொல்லுவாங்க. ராத்திரி மேடையில அது கெடையாது."

#30 அரசரடி

பெரியம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டார்கள். அடித்தவர் யார் என்றும் கேட்டுப் பாருங்கள் தங்கச்சி, பெயர் ஞாபகம் இருந்தால் உங்களிடமாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே போட வேண்டாம்.

#31 ஹாலே_மாணவி

ஆச்சியின் கஞ்சிரா இருக்கிறதா அக்கா?

#32 சாத்தூர்க்காரி

அதே பெட்டியில் இருந்தது! ஓரத்தில் காசு ஒன்று தொங்கும் வட்டமான மரச் சட்டம், தோல் கிழிந்து சுருண்டு கிடந்தது. பழைய சல்லடை என்று நினைத்து மாடிக்குத் தூக்கிப் போட்டுவிட்டேன். இன்று காலையில் போய் எடுத்து வந்து துடைத்தேன். தோலில் செதில் செதிலாக இருக்கிறது.

#33 சுருதிப்பெட்டி

உடும்புத் தோல். அந்தக் காலத்தில் அதுதான் போடுவார்கள், இப்போது சட்டப்படி கூடாது. மரச்சட்டத்தைப் பத்திரமாக வையுங்கள், ஆட்டுத்தோல் போட்டுத் தருகிற ஆள் தஞ்சாவூரில் இருக்கிறார், தனிமடலில் சொல்கிறேன்.

#34 நெறியாளர்

கஞ்சிராப் படத்தை இங்கே ஏற்றாதீர்கள். வனத்துறைக்காரர் ஒருவர் நம்ம தளத்தில் உறுப்பினர் :)

#35 கார்டு_மாஸ்டர்

அக்கா, அடுத்த தடவை அந்த ஆனந்தபைரவி பாடும்போது கீபோர்டு தம்பியிடம் ஐந்தரைக் கட்டையில் சட்ஜமமும் பஞ்சமமும் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். இடது கையில் இரண்டு விரல். வலது கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

#36 சாத்தூர்க்காரி

சொல்லிவிட்டேன். "ரெண்டு விரல்தானா அக்கா, அதுக்கு நான் எதுக்கு" என்று கோபித்துக்கொண்டான். சனிக்கிழமை ஒத்திகைக்கு வருகிறேன் என்றிருக்கிறான். பெரியம்மாவும் வருகிறார்களாம், ஆட்டோ வைத்து.